தலைவர் படத்தை எடுத்த நாள்

12 ஜூன் 2014, வியாழன். திண்டிவனம்.

விழுப்புரத்தில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லா அக்கா காலையில் போனில் கத்தினார். பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு பி நெகட்டிவ் ரத்தம் அவசரமாம்.

"தம்பி, உன் வெப்சைட்டு போன்ல சுத்திக்கினே இருக்குது. தலைவரு மூஞ்சி மூக்கு வரைக்கும் வந்து நின்னுட்டுது. ரத்தம் குடுக்கிறவங்க நம்பரு எங்கப்பா?"

எங்கள் ரத்ததானச் சங்கத்துக்கு அந்த வெப்சைட்டைச் செய்தவன் நான்தான். கோலியனூர்க்காரர் ஒருவரின் நம்பரைப் போனிலேயே படித்துக் காட்டினேன். அவர் உடனே பைக்கில் கிளம்பிவிட்டார்.

பிறகுதான் பார்த்தேன். வெப்சைட் திறப்பு விழாவுக்குப் பத்தடி ஃப்ளெக்ஸ் அடித்தோமே, அந்தக் கடைக்காரர் தந்த படத்தை அப்படியே முதல் பக்கத்தில் ஏற்றியிருக்கிறேன். மாலையும் கழுத்துமாகச் சங்கத் தலைவர்; படத்தின் எடை பன்னிரண்டு எம்பி, போனில் எப்படி இறங்கும்? மூன்று மாதமாக, வேகமான நெட் உள்ள ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டுமே பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

படத்தைத் தூக்கிவிட்டேன். அலங்கார எழுத்துகளையும் தூக்கிவிட்டேன். இப்போது பெயரும் நம்பரும் மட்டும், முப்பது கேபி.

சாயங்காலம் அக்கா மறுபடி கூப்பிட்டார். "வெப்சைட்டு இப்ப ஜல்தியா வந்துடுதுப்பா. பொட்டப்புள்ள பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

வேறு யாரிடமாவது நம்பர் வாங்கிக்கொண்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமலே இருந்திருக்கலாம் அவர். அப்படிக் கத்தியதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

தலைவர் நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார். படம் எங்கே என்று கேட்பார். குழந்தையின் எடையை அக்காவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். மூன்று கிலோ. அதைத்தான் சொல்லப்போகிறேன்.