பூண்டு தின்னாத வாயில் பூண்டு வாசம்

இன்று எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் பூண்டு வாசம் அடித்தது. யாரிடமிருந்து தெரியுமா? புதிதாக வந்திருக்கும் கணக்கு டீச்சரிடமிருந்து. அவள் ஜைன வீட்டுப் பெண். பூண்டும் வெங்காயமும் அவர்கள் அடுக்களை வாசலைக்கூட மிதிக்காது. வெளியில் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாள் என்று மற்ற டீச்சர்கள் கண்ணடித்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகப் போய் அவள் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தேன். உன் நகம் மாதிரியே வெள்ளைக் கோடு விழுந்து, நுனி பிளந்திருந்தது.

உன் மேல் இருந்த கோபம் அத்தனையும் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு உன்னைப் போல ஒரு சிநேகிதி வாய்த்திருக்க மாட்டாள்.

இந்த மராட்டிய ஊருக்கு வந்த புதிதில், கோந்த்வாவில் உன் டிரை ஃப்ரூட் கடைக்கு நான் முதலில் வந்தது கிறிஸ்துமஸ் கேக்குக்குத் திராட்சை வாங்க. எனக்குத் தெரிந்த இந்தியில் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது உன் போன் அடித்தது. "ஏட்டி, பொறவு பேசுதேன், கடையில ஆளு நிக்காவ" என்றாய். அந்த 'ஏட்டி'யைக் கேட்டதும் இந்தியை அங்கேயே போட்டுவிட்டேன். நீ மேலப்பாளையம், நான் பாளையங்கோட்டை. ஊரிலேயே இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்க மாட்டோம்.

உனக்குத் தைராய்டு என்று டாக்டர் சொன்ன மறுவாரமே, செலினியம் நல்லது என்று எவனோ அனுப்பிய வீடியோவைக் காட்டினாய். நல்லதுதான், யார் இல்லை என்றது? தைராய்டுக்கு அது வேண்டும். ஆனால் உடம்பு கேட்பது இம்மியளவு. மீனும் முட்டையும் புழங்குகிற வீட்டில் அது பெரும்பாலும் தானாக வந்து சேர்ந்துவிடும். நீயோ செலினியம் மண்டிக் கிடக்கிற பிரேசில் நட்டைக் கடலை மாதிரிக் கொறித்தாய். "ஒண்ணு ரெண்டோட நிறுத்துட்டி" என்றால், "என் கடைச் சரக்கு எனக்குத் தெரியாதா? நீ பிள்ளைகளுக்குச் சயின்ஸ் நடத்து, போ" என்பாய். முடி கொட்ட ஆரம்பித்தது. 'முடிக்கு நல்லது' என்று டப்பாவில் போட்டிருக்கிறதாம், செலினியம் மாத்திரையையும் சேர்த்துக்கொண்டாய். முடி எதனால் கொட்டியதோ அதையே முடிக்கு மருந்தாகத் தின்றவளை நான் வேறெங்கே பார்ப்பேன்?

வானவடியில் ஒரு தோல் டாக்டரிடம் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். செலினியம் மிஞ்சினால் மூச்சில் பூண்டு வாசம் வரும், வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். உன் வீட்டில் யார் கவனிப்பது? நீ மச்சான் என்று கூப்பிடும் உன் புருஷன் முதல் மாமியார் வரை எல்லோர் மேலும் அதே வாசம்தான். உள்ளே நுழையும்போதே "இன்னைக்கு என்ன, பிரியாணியா?" என்று கேட்கிறவள்தானே நானும்.

அந்த ஒரு தடவை பேச்சைக் கேட்டாய். நட்டையும் மாத்திரையையும் நிறுத்தினாய், முடி திரும்ப வந்தது. இனித் திருந்திவிடுவாய் என்று நம்பினேன். வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது. சர்க்கரை வந்ததும் குரோமியம் மாத்திரை!

குரோமியம் இன்சுலினுக்குக் கை கொடுக்கும் என்கிறார்கள். அது உடம்புக்குக் கட்டாயம் வேண்டுமா என்பதிலேயே படித்தவர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தூக்கிப் போட்டாய். "உன் மவன் பைக் சைலன்சருக்குப் பூசுததும் குரோமியந்தாம்ட்டி" என்று மிரட்டினேன். சாப்பாட்டில் இருக்கிற குரோமியம் வேறு, முலாம் பட்டறைத் தொட்டியில் இருக்கிற விஷம் வேறு என்று எனக்குத் தெரியும். பயந்தாவது நிறுத்துவாயே என்ற ஆத்திரம். நீ கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அப்போ நானும் பளபளன்னு ஆயிருவேம்லா" என்றாய். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. மறைத்து வைத்தாய். காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, சர்க்கரையைப் பார்த்தவர்கள் மச்சானைத்தான் திட்டினார்கள். நீ வீடு திரும்பவில்லை.

கணக்கு டீச்சரிடம், பிரேசில் நட் சாப்பிடுகிறாயா என்று இந்தியில் கேட்டேன். பையைத் திறந்து டப்பாவைக் காட்டினாள். தினம் ஒரு கைப்பிடியாம். இதை விட்டுவிடு, டாக்டரைப் போய்ப் பார் என்றேன். "டீக் ஹை, மேம்" என்றாள். அவ்வளவுதான். எதிர்க்கேள்வி இல்லை, கிண்டல் இல்லை, டப்பாவை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். உன்னிடம் வருஷக் கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியதை இவள் ஒரு நிமிஷத்தில் கேட்டுக்கொண்டாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவள் மேல் அல்ல.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டாள். என் சிநேகிதிக்கு வந்தது என்றேன். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்றாள்.

முடியெல்லாம் நன்றாக வளர்ந்துவிட்டது என்றேன்.

பொய் இல்லை. கடைசியாக உன்னைக் குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்த உன் நாத்தனார் என் தோளில் சாய்ந்து சொன்னதுதான்: "அடக்கம் பண்ணுததுக்கு முன்ன மூணு பின்னலாப் பின்னணும்லா டீச்சர்... முடி நெறைய இருந்துச்சு." ஒரே ஒரு தடவை பேச்சைக் கேட்டதற்கு வளர்ந்த முடி அது.

ஏட்டி, இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?