ஏணி ஸ்டிக்கரில் இருக்கும் முகவரி

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்துவிட்டுத் திட்டுவதுதான் மரியாதை என்பதால் கேட்கிறேன், நலம்தானே? போனை எடுக்க மாட்டாய். அதனால் கடிதம்.

அப்பா பெயரையே கொண்ட அந்த இணைய முகவரியை எப்போது தரப்போகிறாய்? ஏணிக் கம்பெனிக்கும் அவர் பெயர்தான். இங்கே வேலை பார்த்தபோது அதை உன் பெயரில் பதிந்தாய், சண்டை போட்டுக்கொண்டு போனபோது தூக்கிக்கொண்டு போய்விட்டாய். பதினொரு வருஷமாக நான் அதே பெயருக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு போட்ட முகவரியை வைத்துக்கொண்டு, "கோடு போடுங்க, கோடு போடுங்க" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன். கோடு போட மறந்தவர்கள் உன் இணையப் பக்கத்துக்குத்தான் வருகிறார்கள். அங்கே இருப்பது "பணி நடைபெறுகிறது" என்று ஒரே வரி. பதினொரு வருஷமாக அப்படி என்னப்பா பணி?

ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு கடைக்காரர் நம் ஏணிகளை வாங்க வந்திருக்கிறார். அசல் முகவரி நம்மிடம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டாராம். பதினொரு வருஷத்தில் ஏணியைப் பற்றி எனக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை என்று காட்டித்தான் அவரைப் பிடித்தேன். கெடுத்துவிடாதே.

உன் அக்கா

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முட்டிதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அத்தான் சர்க்கரையைக் குறைத்தாரா?

பணி நடைபெறுகிறது என்றால் நடைபெறுகிறது என்றுதான் அர்த்தம். "விக்கிறீங்களா?" என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். பதில்கூடப் போடவில்லை. கம்பெனி உன்னிடம், வீடு உன்னிடம். அப்பா பெயரில் எனக்கு மிச்சம் அது ஒன்றுதான். ஒரு நாள் நேரில் வா, எதற்கு வைத்திருக்கிறேன் என்று காட்டுகிறேன். வக்கீலைக் கூட்டிக்கொண்டு வராதே.

தம்பி

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நேரில் வர எனக்கு எங்கே நேரம்? உன்னோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. இணைய முகவரித் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்றத்தில் உன் மேல் புகார் கொடுத்துவிட்டேன், நோட்டீஸ் இன்று வந்திருக்கும். அதில் மூன்று வரி முக்கியமாம். அது எங்கள் பெயர் என்பது முதல் வரி. அந்தப் பெயரோடு உனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது இரண்டாவது. கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கிறாய் என்பது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது வரியில் கொஞ்சம் தயங்கினேன். "இது எல்லாருக்கும் எழுதுறதுதான் மேடம்" என்றார் வக்கீல்.

இருபது நாளுக்குள் நீ பதில் கொடுக்கலாம். உன் பிடிவாதத்துக்குக் கொடுக்காமலா இருப்பாய்?

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இருபது நாள் முடிந்துவிட்டது. நான் பதில் கொடுக்கவில்லை. கொடுத்தால், நீ எழுதியது பொய் என்று யாரோ ஒரு நடுவரிடம் நான் நிரூபிக்க வேண்டும். அது என்னால் ஆகாது.

முகவரியோடு மின்னஞ்சல் பெட்டியும் உன்னிடம் வரும். கடவுச்சொல்லை வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். திறந்ததும் பதறாதே.

அந்தப் பெயரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத,
தம்பி

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

முகவரி வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தால், நீ கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு வந்து பதிலில்லாமல் கிடக்கும் முப்பத்தெட்டுப் புகார். காலில் ரப்பர் கழன்றுவிட்டது, மூன்றாவது படி ஆடுகிறது என்று வரிசையாக. பழைய ஏணி ஒவ்வொன்றின் ஸ்டிக்கரிலும் அந்த முகவரிதானே இருக்கிறது? என் மண்டையில் அது ஏறவே இல்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். அதற்கு முன் பதினொரு வருஷமும் எழுதிய அத்தனை பேருக்கும் நீ பதில் போட்டிருக்கிறாய், ரப்பர் வாங்கி அனுப்பியிருக்கிறாய். ஓர் அம்மாவுக்கு "ஏறாதீங்க, நானே வர்றேன்" என்று எழுதிவிட்டு, அந்த முட்டியோடு போய்ப் படியை மாற்றிக் கொடுத்திருக்கிறாய்.

எனக்குப் புகாரே வராத ரகசியம் இதுதானா? என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உன் மேலும்தான். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? நேரில் வா என்றாய், நான்தான் வரவில்லை.

கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கையெழுத்தைத் தள்ளிவைத்துவிட்டார். வைக்கட்டும். இரண்டாவது வரியை அடிக்கச் சொல்லி வக்கீலிடம் கேட்டேன். தீர்ப்பு வந்த பிறகு எதையும் அடிக்க முடியாதாம்.

சனிக்கிழமை வருகிறேன், வக்கீல் இல்லாமல். முப்பத்தெட்டுக்கும் எப்படிப் பதில் போடுவது என்று நீதான் சொல்லித்தர வேண்டும். ஒன்றுக்கு மட்டும் நானே போட்டுவிட்டேன். அந்தப் படி அம்மா, "அன்னைக்கு வந்தவர் உங்க கம்பெனிக்காரர்தானே?" என்று கேட்டிருந்தார். ஆமாம், அந்த ஏணியில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய மகன் என்று எழுதினேன்.

உன் அக்கா