சுசீலாபாய்க்குச் செய்த கட்டில்

பேட்டை, திருவனந்தபுரம்
10-4-1935

அன்புள்ள தாசம்மாவுக்கு,

சுசீலா எழுதுவது. தொண்டையைத் தவிர மற்றபடி நலம்.

பள்ளிக்கூடத்தை விட்டு இன்றோடு பத்து நாள். இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த குரல் இப்போது ஒரு பூனையைக்கூட விரட்டாது. இனியும் வகுப்பில் கத்தினால் பேச்சே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். நாற்பத்தாறு வயதில் பென்ஷன்காரி ஆகிவிட்டேன், சிரிக்காதே.

காலை ஏழு மணிக்குத்தான் விழிக்கிறேன். நேற்று சும்மா நடந்து சங்குமுகம் கடற்கரை வரை போய்விட்டேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் கரையில் நின்று வலை இழுப்பதை நான் பார்த்ததேயில்லை, பாரேன்!

சின்ன வயதில் போர்டிங்கில் பேசிக்கொண்டோமே, வேலை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்போம் என்று. நான் மறக்கவில்லை. ஓணம் கழிந்ததும் வந்துவிடுகிறேன்.

உன்,
சுசீலாபாய்


நாகர்கோவில்
2-5-1935

கர்த்தருக்குள் பிரியமான சுசீலாவுக்குத் தாசம்மாளின் தோத்திரம்.

ஓணம் வரைக்கும் என்னத்துக்கு? மூட்டுவலியால் நான் போர்டிங் மேட்ரன் வேலையை விட்டு வந்து ஒரு வருஷமாகிறது. அன்றிலிருந்து உனக்காகத்தான் காத்திருக்கிறேன். உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. பலாமரத்தில் கட்டிலும் செய்தாயிற்று. அளவுக்கு ஆசாரியிடம் நம் பழைய போட்டோவைக் காட்டினேன். "இதுல எல்லாரும் உக்காந்துல்லா இருக்கியோ?" என்று தலையைச் சொறிந்தான். கால் நீட்ட இடம் இருக்கட்டும் என்று கொஞ்சம் நீளமாகவே செய்யச் சொன்னேன்.

நீ வந்ததும், ஐந்து மணிக்கு எழும்புகிறோம். ஐந்தரைக்கு ஜெபம், ஆறரைக்குக் காப்பி. செவ்வாய் மாதர் சங்கம், வியாழன் நோயாளிகளைப் பார்க்கப் போகிறோம். வேலையை விட்டு வரும்போது போர்டிங் மணியையும் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். ஏழு மணி வரைக்கும் தூங்குகிறாயாம், வெட்கமாயில்லை? இங்கே வா, எல்லாம் சரியாகிவிடும்.

தாசம்மாள்


பேட்டை
20-9-1935

அன்புள்ள தாசம்மா,

கோபப்படாமல் படி. ஓணம் கழிந்துவிட்டது, தெரியும். ஆனால் ஒரு அதிசயத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாந்தல் என்று ஒரு மீன். தட்டையாக, தரையோடு தரையாகக் கிடக்கும். அதற்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில்! பிறக்கும்போதே இப்படித்தானா என்று மீன் விற்கும் திரேசியாவிடம் கேட்டேன். "அதொக்கெ தெய்வத்தினோடு கேக்கணும் டீச்சரே. எனக்கு விற்கத்தான் அறியும்" என்றாள். தெய்வத்தைக் கேட்டுவிட்டு, தினமும் வலையிலிருந்து ஒதுக்கிப்போடும் பொடிமீன்களையும் கிளறிப் பார்த்தேன். போன வியாழக்கிழமை நகத்தளவில் ஒன்று அகப்பட்டது. பக்கத்துக்கு ஒரு கண், மற்ற மீன்களைப்போல! அப்படியானால் வளர வளர ஒரு கண் மறுபக்கத்துக்கு நகர்ந்து வருகிறது. எப்போது நகரும்? மண்டையைச் சுற்றியா, ஊடுருவியா? இடைப்பட்ட அளவில் ஒன்று கிடைத்தால் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் நோட்டில் வரைந்து வைக்கிறேன். திரேசியா எனக்கென்று ஒரு ஓலைப்பெட்டியில் பொடிமீன் எடுத்து வைக்கிறாள். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருகிறேன்.

சுசீலா


நாகர்கோவில்
29-10-1935

எட்டீ சுசீலா,

கண் எந்தப் பக்கம் இருந்தால் உனக்கென்ன? முட்டத்தில் கடல் இல்லையா, குளச்சலில் இல்லையா?

உன் கடிதத்தைப் படித்த ஆத்திரத்தில், அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு உன் கட்டிலைக் கோவிலுக்குக் கொடுத்துவிட்டேன். காணிக்கையாக வந்த வாழைக்குலைக்கும் கோழிகளுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். உபதேசியார் ஏலம் கூற ஆரம்பித்தார். ஜவுளிக்கடை சுவாமிதாஸ் விலை கேட்டுவிட்டு, ஆடுகிறதா என்று பார்க்க அதில் ஏறி உட்கார்ந்தார் பார், எனக்கு எங்கிருந்து வந்ததோ, கையைத் தூக்கிவிட்டேன். அவர் ஏற்ற, நான் ஏற்ற, சபை முழுக்கச் சிரிப்பு. "அக்கா, நீங்களே குடுத்துட்டு நீங்களே கேக்கியளா?" என்றார் உபதேசியார். காதில் விழாதது போல இன்னும் ஏற்றினேன். கடைசியில் என் கட்டிலை நானே ஏலத்தில் எடுத்து, வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த வயதில் இது எனக்குத் தேவையா?

மீனைச் சொல்லாதே. வருவாயா, மாட்டாயா? உண்மையை எழுது.

தாசம்மாள்


பேட்டை
4-11-1935

என் தாசம்மா,

நீ சுவாமிதாஸோடு மல்லுக்கு நின்றதைப் படித்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

உண்மை இதுதான். மீனைச் சாக்காகச் சொன்னேன். எனக்கு உன் மணியைக் கண்டால் பயம். எட்டு வயதில் போர்டிங்கில் சேர்ந்த நாள் முதல் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, அப்புறம் பள்ளிக்கூடத்திலும் அதேதான். இப்போதுதான் முதல் தடவையாக, யாரும் பரீட்சை வைக்காத ஒன்றை எனக்காகவே தெரிந்துகொள்கிறேன். காலையில் நோட்டைத் திறக்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. உன் வீட்டில் அதற்கு எந்தக் கிழமை ஒதுக்குவாய்?

இந்த உலகத்தில் உன்னைப்போல எனக்கு யாருமில்லை. ஆனாலும் அங்கே குடியிருக்க நான் வரமாட்டேன். முன்பே சொல்லாதது என் தப்பு, மன்னித்துக்கொள்.

சுசீலா


நாகர்கோவில்
12-12-1935

சுசீலாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் போனேன். போடவில்லை. ஒரு மாதமாகத் தலையணைக்கு அடியில் கிடக்கிறது.

உன்னைப்போல எனக்கு எதைப் பார்க்க ஆசை என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே தோன்றவில்லை சுசீலா. இருபத்தைந்து வருஷம் தொண்ணூறு பெண்பிள்ளைகளை எழுப்பி, தலைவாரி, பேன் பார்த்து, சாப்பிட வைத்துத் தூங்க வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஐந்து மணிக்கு மணி அடிக்கிறேன். அடிப்பதும் நான், எழும்புவதும் நான். உன்னைக் கூப்பிட்டது உன் நன்மைக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எனக்கு எழுப்ப ஒரு ஆள் வேண்டியிருந்தது. இதை எழுத எனக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கிறது தெரியுமா?

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து மறுநாள் பஸ்ஸில் உன்னிடம் வருகிறேன். பத்து நாள் இருப்பேன். மீன் வாடை எனக்கு ஆகாது, அதையும் சகித்துக்கொள்கிறேன். உன்னை எழுப்பமாட்டேன், ஆணையிட்டுச் சொல்கிறேன். ஆனால் எனக்கு ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். நீ எழும்பும் வரைக்கும் உன் வீட்டில் நான் எங்கே உட்கார்ந்திருக்கலாம் என்று மட்டும் எழுது.

உன்,
தாசம்மாள்