‘மரம்’ என்று தேடியபோது

அன்புள்ள ஹரிணி அப்பாவுக்கு, அமராவதி எழுதுவது. நீங்களும் பிள்ளையும் சுகம்தானே? மர மில் தூசியில் வந்த இருமல் குறைந்ததா? எனக்குச் சிங்கப்பூரில் ஒரு குறையும் இல்லை. போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

வீட்டு வேலை செய்பவளை விடுவார்களா என்று மூன்று ஞாயிறு வாசலோடு திரும்பிய நூலகத்துக்குள் இந்த வாரம் போய்விட்டேன். கம்ப்யூட்டரில் உங்கள் நினைப்பில் ‘மரம்’ என்று தட்டினேன். தமிழிலேயே நாற்பது புத்தகம் வந்தது! படகு கட்டுவது, மரப்பொம்மை, காடு, ஒரு கொலைக் கதைகூட.

“இதுல எதைங்க எடுக்கிறது?” என்று அங்கே வேலை பார்க்கும் அம்மாவிடம் கேட்டேன்.

“நடுவுல ஒரு பக்கம் படிங்க. கீழ வைக்க மனசு வரலைன்னா அதை எடுத்துக்குங்க.”

அப்படி மூன்று எடுத்தேன். ஒன்றில் வெட்டிய மரத்தின் படம். உள்ளிருக்கும் வளையம் ஒவ்வொன்றும் ஒரு வருஷமாம். மழை பெய்த வருஷம் அகலம், பொய்த்த வருஷம் மெல்லிசு. அந்த மரத்துக்கு வயது இரண்டாயிரம். சித்தன்னவாசலில் ஓவியம் தீட்டியபோதே அது பெரிய மரம்! தரையிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். வீடு திரும்பத் தாமதம். முதலாளியம்மா லேசாகக் கோபித்தார், அவ்வளவுதான்.

தினமும் இதைத்தானே அறுக்கிறீர்கள், ஒருநாளும் சொல்லவில்லையே! புதிதாய் வெட்டிய தேக்கு வந்தால் ஹரிணியை எண்ணச் சொல்லுங்கள். பட்டையிலிருந்து எட்டாவது வளையம் அவள் பிறந்த வருஷம். மூன்றாவது, நான் புறப்பட்டு வந்த வருஷம். அது அகலமா மெல்லிசா என்று பார்த்து எழுதுங்கள்.

முதலாளியம்மாவின் குழந்தை அழுகிறது, போகிறேன்.

உங்கள் அமராவதி