வாசலில் பெயர் கேட்பதில்லை

ஜூன் 3
நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. பெண்களுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் அலுவலகத்தில் பதினாறு வருடமாக வாசல் காவல். இன்று நாலு பேர் வந்தார்கள். ஒருத்தி அழவே இல்லை. அதுதான் மனசைப் பிசைந்தது.

ஜூன் 9
அந்த அழாத பெண் மறுபடி வந்தாள். போன வருடம் புருஷன் இவளைத் துரத்திவிட்டு, மூன்று வயது மகளை வைத்துக்கொண்டான். இப்போது கோர்ட்டில், காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் போட்டுவிட்டு அவளாகப் போய்விட்டாள் என்கிறான். துரத்திய அன்று காலையே எங்களிடம்தான் ஓடிவந்தாள். வக்கீலம்மா இல்லை. மதியம்வரை காத்திருந்து போய்விட்டாள். அவள் மறுபடி வந்து கோப்பு திறந்தது பத்து நாள் கழித்து.

அந்த முதல் நாள் வந்ததற்குக் காகிதம் இல்லை. வாசலில் யார் பெயரும் கேட்கக் கூடாது, எழுதக் கூடாது என்பது வக்கீலம்மா போட்ட விதி. பயந்து வருகிறவள் பேனாவைப் பார்த்தால் திரும்பிவிடுவாள். நல்ல விதிதான். இப்போது அதுவே இவள் கழுத்தைப் பிடிக்கிறது.

ஜூன் 10
"அவ வந்தது எனக்கு ஞாபகம் இருக்கும்மா" என்று வக்கீலம்மாவிடம் சொன்னேன்.
"கூண்டுல ஏறுவீங்களா பெரியவரே? குடைஞ்சு எடுத்துருவாங்க."
"நாப்பது வருஷம் என் பெண்டாட்டிக்குப் பதில் சொன்னவன்மா நான்."

ஜூன் 16
நாளைக்குக் கூண்டில் நான் உளறிவிட்டால்? அந்தப் பிள்ளை அம்மா இல்லாமலே — இதை எழுதாதேம்மா என்றேன். எழுதிவிட்டாள்.

ஜூன் 17
எதிர் வக்கீல் சிரித்தார். "படிக்கத் தெரியாது. தேதி மட்டும் தெரியுமாக்கும்?"
"தேதி தெரியாதுங்க. எங்க டைப்பிஸ்ட் பொண்ணு, அவ அம்மா கண் ஆபரேஷனுக்கு லீவு போட்ட நாளு. காலியா இருந்த அவ நாற்காலியிலதான் இந்தப் பொண்ண உட்காரவெச்சேன். கால்ல ஒத்தச் செருப்பு. 'பாப்பாவுக்கு மருந்து குடுக்கிற நேரமாச்சு, என்னை வீட்டுக்குள்ள விடச் சொல்லுங்க'ன்னு அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தா."
அவர் சிரிப்பு நின்றது. நீதிபதி அந்த லீவு கடிதத்தைக் கேட்டார்.
கூண்டுக்குக் கீழே அவள் — இன்றுதான் அழுதாள்.

ஜூன் 20
கடிதம் கிடைத்தது. அவள் போனதாகப் புருஷனே சொன்ன அதே தேதி.

ஜூலை 8
கோர்ட் உத்தரவில் திரும்பக் கிடைத்த மகளோடு, ஏதோ கையெழுத்து போட அவள் வந்தாள். உள்ளே போனதும் பாப்பாவை நான் பார்த்துக்கொண்டேன்.
"தாத்தா, அம்மா இருக்காங்களா?"
கதவைத் திறந்து காட்டினேன். "இருக்காங்க, பாரு."
கொஞ்ச நேரத்தில் மறுபடி, "இப்ப?"
பதினொரு தடவை திறந்து காட்டினேன்.