சீனிக்குக் காது குத்து

7-3-1983
நான் ஓட்டுகிற ஆபீஸ் ஜீப் மறுபடியும் மக்கர். தல்லாகுளம் ஆபீஸ் வாசலில் நாலு பேர் தள்ளிக்கொண்டிருக்கும்போது கிளார்க் சுடலை சார் ஜன்னல் வழியாக, "அண்ணே, நேத்து டீசல் கணக்கு எழுதலையே" என்கிறார். மனுஷனுக்கு நேரம் காலமே கிடையாது.

மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு மகள் சீனியை ஆஸ்பத்திரிக்கு ஊசி போடக் கூட்டிப்போனேன். ஆறு வயசுப் பிள்ளை. ரத்தத்தில் புற்றுநோய் என்று போன ஐப்பசியில் சொன்னார்கள். என் சம்சாரம் அன்னக்கொடி இன்னும் அந்தப் பேரை வாயால் சொல்வதில்லை, "ரத்தக் கோளாறு" என்றுதான் சொல்வாள். இன்று டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். மருந்து கேட்கிறதாம். அந்தச் சிரிப்புக்கே ஒரு கும்பிடு போட்டேன்.

9-3-1983
அன்னக்கொடியின் அண்ணன் விருமாண்டி சமயநல்லூரிலிருந்து வந்திருந்தார். சீனிக்குத் தோடு செய்து வைத்து ஒரு வருசம் ஆகிறது, காது குத்து எப்போது என்கிறார். தாய்மாமன் அல்லவா, அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

"மருந்து ஓடுறப்ப குத்தக் கூடாதாம் மச்சான். ரத்தம் நிக்காது."

"எப்ப முடியும் மாப்ள?"

எனக்கு மட்டும் தெரியுமா? சீனி அந்தத் தோட்டை வாங்கிக் காதில் வைத்துக் கண்ணாடி பார்த்தாள். தலையில் ஒரு முடி இல்லை. ஆனாலும் அழகாகத்தான் இருந்தாள்.

21-3-1983
பெரியவன் சுருளிக்கு அம்மை. முதுகெல்லாம் கொப்புளம். அன்னக்கொடி வாசலில் வேப்பிலை சொருகிவிட்டாள். ஆத்தா வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, யாரும் அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது, இங்கிலீஷ் மருந்து உள்ளே வரக் கூடாது. எல்லாம் சரி. சீனியின் மாத்திரையை என்ன செய்வது? அவளும் அவனோடு அதே பாயில்தானே படுத்திருந்தாள்?

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. "இவளுக்கு அம்மை போட்டா தாங்க மாட்டா. இன்னைக்கே பிரிச்சு வைங்க. மூணு வாரம் கவனிக்கணும்." வார்டில் சேர்க்க முடியாது, அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒட்டிவிடும். ஏற்கெனவே அம்மை போட்டுப்போன வீடாகப் பார்க்கச் சொன்னார்.

சமயநல்லூருக்குப் போனேன். மச்சான் வாசலிலேயே நின்றார். அவர் சம்சாரம் மாசமாக இருக்கிறாள். "வேணாம் மாப்ள" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனா நான் எங்க போவேன்? புள்ளையத் தூக்கிட்டு எந்த வாசல்ல போய் நிப்பேன்?

22-3-1983
ராத்திரி நானும் சீனியும் மட்டும் மொட்டை மாடியில் படுத்தோம். காலையில் சீனியையும் தூக்கிக்கொண்டு லீவு கேட்கப் போனேன். ஆபீசில் வேறு யாரும் வந்திருக்கவில்லை, சுடலை சாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்கண்ணே. எம்புள்ளைக ரெண்டுக்கும் போன வருசமே அம்மை போட்டுப் போயிருச்சு." கொஞ்சம் தயங்கி, "உங்க ஆளுக எதுவும் சொல்லுவாகளோ?" என்றார்.

அவர் சனமும் எங்கள் சனமும் ஒரு கிணற்றில் தண்ணீர் இறைத்ததில்லை.

"சொல்றவன் வந்து இவள வச்சுக்கிரட்டும் சார்" என்றேன்.

29-3-1983
சீனி தின்னுகிற தீனியைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மாத்திரை கிளப்புகிற பசி. சுடலை சார் சம்சாரம் தங்கப்பொண்ணு கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டே இருக்கிறது, இவள் "இன்னும் அத்தை, இன்னும் அத்தை" என்கிறாள். அத்தையாம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் அங்கேயேதான் சாப்பிடுகிறேன். நல்ல ருசி.

2-4-1983
கொப்புளம் இல்லை.

6-4-1983
கழுத்தில் சிவப்பாக ஒன்று. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். தங்கப்பொண்ணு விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்துவிட்டு, "கொசுண்ணே" என்றது. தல்லாகுளத்துக் கொசுவுக்கெல்லாம் கோயில் கட்டலாம்.

12-4-1983
மூன்று வாரம் முடிந்தது. ஒன்றும் வரவில்லை. சாமி, ஒன்றும் வரவில்லை.

சுருளிக்கு மூன்றாம் தண்ணி ஊற்றி, வேப்பிலையை எடுத்துவிட்டு அன்னக்கொடி வந்தாள். சீனியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு தங்கப்பொண்ணு போட்ட சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். கிளம்பும்போது சுடலை சாரைப் பார்த்து, "வாரேண்ணே" என்றாள். இதுவரை சார் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

டீசல் கணக்கு மூன்று வாரம் பாக்கி. நாளைக்கு அதையும் கேட்பார்.

5-2-1986
மருந்தை நிறுத்தி ஐந்து மாசம். டாக்டரம்மா காது குத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். எங்கள் பழங்காநத்தம் வீட்டிலேயே வைத்தோம். மச்சான் சீரோடு வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை எடுத்தார்.

"அண்ணே, செத்த எந்திரி" என்றாள் அன்னக்கொடி. "எனக்கு இன்னொரு அண்ணன் இருக்காக."

வாசல் பக்கம் நின்ற சுடலை சார், "அதெல்லாம் வேணாம் தங்கச்சி" என்றார். எங்கள் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வெளியே போனார். போகட்டும்.

மச்சான் தலையைக் குனிந்தபடியே இருந்தார். அவ்வளவுதான், சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் நகர்ந்து பாயில் இடம் விட்டார்.

"வாங்க. புள்ளைக்கு ரெண்டு காது இருக்குல்ல. மொதக் காது உங்க மடியில."

சீனி போய் சுடலை சார் மடியில் ஏறி உட்கார்ந்தாள். தலை நிறைய முடி, காதை ஒதுக்கிக் காட்டவே நேரம் ஆனது. ஊசி இறங்கியது. கத்தினாள். ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுவிட்டது.