மூட மூட மிஞ்சும் எண்

காலை ரயில் பேரணி ஸ்டேஷனில் நின்றது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில். அதன் பெட்டியில் வெள்ளையாக, நீளமாக ஒரு எண். என் கட்டைவிரல் தானாகக் கண்ணுக்கு நேரே எழுந்து அதன் கடைசி இலக்கத்தை மறைத்தது. நீ போய் இத்தனை மாதமாகியும் இந்த விரலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்கும்வரை நமக்கு இதுதானே பிழைப்பு. நீ உரக்கடையில் பில் போடுகிறவள், நான் துணிக்கடையில். கல்லூரியில் சேர்ந்து படித்த கணிதத்தைக் கேட்க இரண்டு கடையிலும் ஆள் கிடையாது. அதனால் ரயிலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே பகா எண்களைத் துரத்தினோம். ஒருநாள் எங்கிருந்தோ பிடித்து வந்தாய்: 73939133. ஏழு கோடிக்கு மேல். ஒன்றையும் தன்னையும் விட்டால் வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. கடைசி இலக்கத்தை மூடச் சொன்னாய். மிச்சமும் பகா எண். அடுத்ததை மூடினேன், அதுவும். முதலில் நிற்கும் 7 வரைக்கும் எதுவும் உடையவில்லை. வலப்பக்கம் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் உடைந்துவிடும், இந்த வகையில் இதைவிடப் பெரியது கிடையாது என்றும் சொன்னாய். நீயே பெற்ற பிள்ளை போல அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினாய்.

சர்க்கரைப் புண் உன் கால் சுண்டுவிரலில் தொடங்கியது. பிறகு மற்ற விரல்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னபோது நீ முடியாதென்றாய். இருக்கிறவரைக்கும் வீட்டில் படுத்துக்கினு இருந்துவிட்டுப் போகிறாயாம். உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாத்திரை உறையின் பின்னால் அந்த எண்ணை எழுதி, கடைசி இலக்கத்தை மூடிக் காட்டினேன்.

"கணக்குல வெட்டுனா ரத்தம் வராதுடி" என்றாய்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் விரலை எடுக்கவில்லை. ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனேன். 7 மட்டும் நின்றது.

"இதுவும் போய்ட்டா?"

அதன்மேலும் விரலை வைத்தேன். நீ என் விரலையே பார்த்தாய்.

"உன் விரலு இருக்குதுல்ல. போதும். டாக்டரக் கூப்புடு."

அதன்பிறகும் ஊன்றுகோலோடு இதே ரயிலில் வந்தாய். உன்னை ஏற்றிவிட்டு நான் மூச்சு வாங்கினால், "ஜல்தியா ஏறுடி, நொண்டி நானா நீயா?" என்பாய். கால் போனதே தவிர, நெஞ்சு நின்று நீ போகும்வரை உன் வாயில் ஒரு சொல் குறையவில்லை. இப்போது எனக்கு அந்த வாய் வேண்டியிருக்கிறது. தினமும் வேண்டியிருக்கிறது.

சரக்கு ரயில் நகர்ந்தது. எண்ணும் அதோடு போயிற்று. எதிர் இருக்கையில், நீ உட்காரும் இடத்தில், யாரோ ஒரு அம்மா இருந்தார். வெறும் வெளியை நோக்கித் தூக்கிய என் விரலை விசித்திரமாகப் பார்த்தார். நான் அதை இறக்கவில்லை.